காற்றில் போகும் பசளை: அமோனியா இழப்பு என்றால் என்ன?

மலையகத்தில் பசளை வீணாகிறது என்று பேச்சு வந்தால் பழி மழைக்குத்தான். "போட்ட அன்றைக்கே மழை ஊற்றிவிட்டது, எல்லாம் கான் வழியாக ஆற்றுக்குப் போய்விட்டது" என்பார்கள். அது பொய்யில்லை. சரிவு நிலத்தில் மழைத்தண்ணீர் மண்ணோடு சேர்த்துப் பசளையையும் அள்ளிக்கொண்டு போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் ஒரு சொட்டு மழை பெய்யாத நாளிலும் பசளை போய்க்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் போக்குக்குக் கான் வேண்டியதில்லை, காற்று போதும். கண்ணுக்கும் தெரியாது, பெரும்பாலும் மூக்குக்கும் தெரியாது. அதனால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்படிக் காற்றில் போவது அமோனியா என்ற வாயு. யூரியா, கோழி எரு, மாட்டு மூத்திரம் என்று நைதரசன் உள்ள எதை நிலத்தில் போட்டாலும் அதில் ஒரு பங்கு அமோனியாவாக மாறி மேலே கிளம்பக்கூடும்.

எவ்வளவு போகும்? 50 கிலோ யூரியா மூட்டையில் 46 வீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. பயிருக்கு வேண்டியது இந்த 23 கிலோதான். நாடுகள் தங்கள் வாயு வெளியேற்றத்தைக் கணக்கிடுவதற்காக ஐபிசிசி எனப்படும் பன்னாட்டுக் காலநிலைக் குழு 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், யூரியாவாகப் போடும் நைதரசனில் 15 வீதம் வாயுவாகப் போய்விடும் என்று பொதுவான ஓர் எண் இருக்கிறது. பெரும்பகுதி அமோனியாதான். அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் மூட்டைக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ நைதரசன் போகிறது. யூரியாவாகச் சொன்னால் ஏழரைக் கிலோ. தயாரித்த தேயிலையில் நைதரசன் சுமார் 4 வீதம் இருக்கும். ஆகவே காற்றில் போன அந்த மூன்றரைக் கிலோ, 80 கிலோவுக்கு மேற்பட்ட தேயிலைத்தூளில் இருக்கும் நைதரசனுக்குச் சமம்.

15 வீதம் என்பது சராசரி. நல்ல நாள் பார்த்துப் போட்டால் இரண்டு மூன்று வீதத்தோடு நின்றுவிடும். நாள் மோசமாக அமைந்தால் முப்பது, நாற்பது வீதம்கூடப் போகும். ஒரே மூட்டை, ஒரே மண், ஒரே கை. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

குருணை மண்ணில் விழுந்த பிறகு

யூரியா தானாக ஆவியாகிப் போகாது. மூட்டையை அவிழ்த்து வைத்தால் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும், அவ்வளவுதான். அது அமோனியாவாக மாறுவதற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று தண்ணீர். மற்றது யூரியேசு என்ற நொதியம். இந்த நொதியத்தை யாரும் கொண்டுவந்து போடத் தேவையில்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமும், உதிர்ந்து மக்கும் இலைகளிலும் அது தாராளமாக இருக்கிறது. குருணை கரைந்ததும் யூரியேசு அதை உடைக்கத் தொடங்கும். உடைந்தால் கிடைப்பது அமோனியாவும் காபனீரொட்சைட்டும்.

இந்த அமோனியா உடனே பறந்துவிடுவதில்லை. மண் ஈரத்தில் கிடக்கும் ஐதரசன் அயன் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு அமோனியம் ஆகிவிடும். அமோனியம் வாயு இல்லை. அதற்கு நேர் மின்னேற்றம் உண்டு என்பதால் களிமண்ணும் உக்கிய இலைதழையும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேரும் அதை எடுத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது இந்த அமோனியம்தான்.

லயத்து வாசலில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறோம். கிளிப் போட்ட துணி எந்தக் காற்றுக்கும் நிற்கும், போடாதது பறந்துபோய் அடுத்த வீட்டுக் கூரையில் கிடக்கும். ஐதரசன் அயன் என்பது அந்தக் கிளிப். அது இருந்தால் அமோனியம், கழன்றால் அமோனியா. மண் அமிலமாக இருக்கும்போது கிளிப்புகள் ஏராளம். காரத்தன்மை ஏற ஏறக் கிளிப்புகளுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும்.

இதை எண்ணாகச் சொல்ல பீஎச் பெறுமானம் உதவும். 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். 25 பாகை வெப்பத்தில், பீஎச் 7 உள்ள தண்ணீரில் நூற்றுக்கு ஒன்றுகூட அமோனியாவாக இருக்காது, எல்லாமே அமோனியம்தான். பீஎச் 8 ஆனால் நூற்றுக்கு ஐந்து அமோனியா. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 7க்கும் 9க்கும் இடையில் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான், மண்ணின் மேற்பரப்பில் ஒரு சிறு இடத்தில் காரம் ஏறினாலும் அது பெரிய விஷயம் ஆகிவிடுகிறது.

தேயிலை மண் புளிப்பு மண்தானே?

இங்கே ஒரு கேள்வி வரும். தேயிலை அமில மண்ணில் வளரும் செடி. பீஎச் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால்தான் அதற்கு நல்லது. அப்படியானால் கிளிப்புக்குப் பஞ்சமே இல்லையே, நம் மலைகளில் அமோனியா எப்படிப் போகும்?

நியாயமான கேள்வி. பதில் அந்தக் குருணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. யூரியா உடையும்போது சுற்றியுள்ள ஐதரசன் அயன்களை அதுவே தின்று தீர்க்கிறது. ஆகவே மலை முழுவதும் பீஎச் 5 ஆக இருந்தாலும், குருணை கரைந்த அந்த விரல் அகல இடத்தில் மட்டும் ஓரிரு நாளில் பீஎச் 8ஐத் தாண்டக்கூடும். மண் பரிசோதனைக்கு அனுப்பும் மாதிரி பல இடங்களில் எடுத்துக் கலந்த மண். அந்த விரல் அகலத்தில் நடக்கும் கூத்து அந்த அறிக்கையில் தெரியாது.

அமில மண் உதவவே இல்லை என்று சொல்ல வரவில்லை. பீஎச் ஏற நேரம் எடுக்கும், அதனால் இழப்பு மெதுவாகத் தொடங்கும், மொத்தத்தில் குறையவும் செய்யும். ஆனால் மலைநாட்டுச் செம்மஞ்சள் பொட்சோலிக் மண்ணுக்கு வேறொரு பலவீனம் உண்டு. அதிலுள்ள களி அமோனியத்தைப் பிடித்து வைப்பதில் அவ்வளவு கெட்டிக்காரக் களி இல்லை. பிடிக்கும் வேலையில் பெரும்பங்கை மக்கு, அதாவது உக்கிக் கறுத்த இலைதழைதான் செய்கிறது. மேல்மண் அரிக்கப்பட்டுக் கூழாங்கல் தெரியும் சரிவுகளில் அந்த மக்கும் இல்லை. அங்கே போடும் யூரியா மழைக்கும் தப்பாது, காற்றுக்கும் தப்பாது.

அப்புறம் தழை. கவ்வாத்து வெட்டிய பிறகு மலையில் கிடக்கும் குச்சியும் இலையும் மண்ணுக்குப் பொன் போன்றவை, அவற்றை விறகுக்குக் கூட்டிக்கொண்டு போவது மண்ணிடமிருந்து களவெடுப்பதுதான் என்பது என் கட்சி. ஆனால் யூரியா விடயத்தில் மட்டும் அந்தத் தழை இரண்டு பக்கமும் வேலை செய்யும். மண் காய்வதைத் தடுப்பதும் அதுதான், யூரியேசு நிறைந்து கிடப்பதும் அதில்தான். தழை மேல் விழுந்து அங்கேயே தங்கிவிட்ட குருணை மண்ணைத் தொடாமலேயே உடைந்துபோகும். அமோனியாவைப் பிடிக்க அங்கே மண்ணும் இல்லை, ஐதரசன் அயனும் அதிகம் இல்லை. ஆகவே மூடாக்குப் போட்ட இடத்தில் குருணை கீழே இறங்கும்படி தழையைக் கொஞ்சம் விலக்கித் தூவவேண்டும், அல்லது கழுவி இறக்க நல்ல மழை வரவேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

இதை நம்பச் சொல்லவில்லை, செய்து பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை. மூன்று ஜாம் போத்தல்களை எடுத்துப் பாதிக்கு மேல் ஈரமான மண் போடுங்கள். மண் கையில் பிடித்தால் உருண்டையாகவேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. முதல் போத்தலில் கால் தேக்கரண்டி யூரியாவை மண்ணின் மேலேயே தூவிவிடுங்கள், அதன்மேல் காய்ந்த இலைத்துகள் கொஞ்சம். இரண்டாவதில் அதே அளவு யூரியாவை 2 அங்குல ஆழத்தில் புதைத்து மண்ணால் மூடி அழுத்திவிடுங்கள். மூன்றாவதில் மேல்மண்ணோடு ஒரு கரண்டி அடுப்புச் சாம்பலைக் கலந்து அதன்மேல் யூரியா.

மஞ்சள்தூளைக் கரைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவைத்துத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டையும் தண்ணீரில் நனைத்து மூடியின் உட்புறம் ஒட்டி, போத்தலை இறுக மூடி அடுப்படி ஓரமாக வைத்துவிடுங்கள். மஞ்சள் காரத்தைக் கண்டால் செங்கபில நிறமாகும். சவர்க்காரம் பட்ட மஞ்சள் கறை சிவப்பதைத் துணி துவைக்கும் எல்லாரும் பார்த்திருப்பார்கள், அதே சங்கதிதான். அமோனியா மேலே வந்து ஈரத்தாளில் கரைந்தால் தாள் நிறம் மாறும்.

சாம்பல் போட்ட போத்தலில் பொதுவாக முதலில் மாறும். மேலே தூவியதில் ஓரிரண்டு நாள் கழித்து. புதைத்ததில் தாள் மஞ்சளாகவே இருக்கும், அல்லது கடைசியாக மெல்ல மாறும். மூடியைத் திறந்து முகத்தருகே கொண்டுபோகாதீர்கள். அமோனியா கண்ணை எரிக்கும், தொண்டையைப் பிடிக்கும்.

புதைத்த போத்தல் ஏன் சும்மா இருக்கிறது? அங்கேயும் யூரியா உடைகிறது, அமோனியாவும் உண்டாகிறது. ஆனால் மேலே வரும் வழியெங்கும் அமில மண் இருக்கிறது. 2 அங்குலம் ஏறி வருவதற்குள் பெரும்பாலும் அமோனியமாகிப் பிடிபட்டுவிடும். பசளையை மண்ணுக்குள் போடு என்று விவசாயப் போதனாசிரியர்கள் ஓயாமல் சொல்வதன் காரணம் இதுதான். மரக்கறிப் பாத்தியில் அதைச் செய்யலாம். முற்றிய தேயிலையில் தூருக்குத் தூர் கிளறினால் மேலே படர்ந்திருக்கும் ஊட்ட வேர்கள் அறுந்துபோகும். முள்ளுக் குத்திய, அதாவது முள்ளாயுதத்தால் குத்தித் தளர்த்திய மண் தண்ணீரை நன்றாக உள்வாங்கும் என்பது உண்மை, ஆனால் ஒவ்வொரு பசளைச் சுற்றுக்கும் முள்ளுக் குத்த முடியுமா? ஆகவே தேயிலையில் யூரியாவை உள்ளே கொண்டுபோகும் வேலையைத் தண்ணீரிடம்தான் ஒப்படைக்கவேண்டியிருக்கிறது.

அரைகுறை ஈரம்

மொத்தக் கட்டுரையிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். முழுக்கக் காய்ந்த மண்ணில் கிடக்கும் யூரியா அப்படியே கிடக்கும். நல்ல மழையில் யூரியா கரைந்து உள்ளே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அரைகுறை ஈரம்தான் ஆபத்து. குருணையைக் கரைக்கும் அளவுக்கு ஈரம் உண்டு, ஆனால் அதை உள்ளே இறக்கும் அளவுக்குத் தண்ணீர் இல்லை. கரைந்த யூரியா மேற்பரப்பிலேயே நிற்க, யூரியேசு தன் வேலையைக் காட்டும்.

மலையகத்தில் இந்த அரைகுறை ஈரத்துக்குக் குறைவே இல்லை. காலையில் மூடுபனி, புல்லெல்லாம் பனித்துளி, சாயந்தரம் சட்டையை நனைத்தும் நனைக்காமலும் ஒரு தூறல். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் பாருங்கள். விடியற்காலை மண் குளிர்ந்து நனைந்திருக்கும், பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடித்து மேற்பரப்பைக் காயவைத்துவிடும். ஈரம் ஆவியாகும்போது அமோனியாவும் கூடவே கிளம்பும். அடுத்த நாள் காலை மறுபடியும் பனி, மறுபடியும் கரைவது, மறுபடியும் வெயில். "மண் ஈரமாக இருக்கிறது, போட்டுவிடலாம்" என்று இப்படிப்பட்ட நாளில் போட்டால் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

எவ்வளவு மழை வேண்டும்? போட்ட ஓரிரு நாளுக்குள் 10 முதல் 15 மில்லிமீற்றர் கிடைத்தால் பெரும்பாலான யூரியா உள்ளே இறங்கிவிடும். மழைமானி இல்லையென்றால் வெறும் மீன் டின் ஒன்றைத் திறந்த வெளியில் நேராக வைத்துவிடுங்கள். பக்கம் நேராக இருக்கும் எந்த டின்னானாலும் சரி. உள்ளே ஒரு சென்றிமீற்றர் தண்ணீர் நின்றால் அது 10 மில்லிமீற்றர் மழை. தூறலை மழை என்று நினைத்திருந்தவர்களுக்கு இந்த டின் நல்ல பாடம் சொல்லும். சாயந்தரம் முழுக்கத் தூறியும் அடிப்பாகம் மட்டும் நனைந்திருக்கும்.

தண்ணீர் ஊற்றுவதானால் கணக்கு இப்படி. 10 மில்லிமீற்றர் என்றால் சதுர மீற்றருக்கு 10 லீற்றர். ஒரு பேர்ச் நிலம் சுமார் 25 சதுர மீற்றர், ஆக 250 லீற்றர். வீட்டுத் திட்டங்களில் பேசப்பட்டுவந்த 7 பேர்ச் காணி முழுக்கத் தோட்டமாக இருந்தால் 1750 லீற்றர். குழாய்த் தண்ணீரே முறை வைத்து வரும் இடத்தில் இது நடக்கிற காரியம் இல்லை. பசளை போட்ட பாத்திக்கு மட்டும் ஊற்றினால் போதும்.

மறுபுறம், மழை கொட்டினாலும் கஷ்டம். உடையாத யூரியாவுக்கு மின்னேற்றம் இல்லை, மண் அதைப் பிடித்து வைக்காது. தண்ணீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். சரிவில் அது கானுக்குப் போய்விடும். ஆக மலையில் பசளை போடுபவருக்கு இரண்டு பக்கமும் இடி. மழை குறைந்தால் காற்று, மழை கூடினால் ஆறு. நடுவில் உள்ள இடைவெளி சமநிலத்தை விட இங்கே ஒடுக்கம்.

அதோடு மலையகம் முழுக்க ஒரே நாட்காட்டி சரிவராது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் கொட்டித் தீர்க்கும். அதே காற்று மழையை இங்கே இறக்கிவிட்டு, மலை தாண்டி ஊவாவில் காய்ந்த காற்றாக வீசும். பதுளை, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் முகத்தில் அறையும் கச்சான் அது. ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற அந்த வாசனையைக் கொடுப்பதும் அதே காற்றுத்தான். கொழுந்துக்கு நல்லது, யூரியாவுக்கு எமன். அந்த மாதங்களில் ஊவாச் சரிவில் யூரியா போடுவதைப் போல் வீண் வேலை கிடையாது. மேற்குப் பக்கத்தில் அந்த வறட்சி ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வரும். பருவங்களுக்கு இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பல நாட்களில் காலை தெளிவாக இருந்து பின்னேரம் இடியோடு மழை வரும். காலையில் போட்டால் மாலையில் கழுவி இறக்கும், ஆனால் அது தலைகீழாகக் கொட்டும் மழையாகவும் இருக்கலாம். கான் தூர்வாரி, மண்ணில் மூடாக்கு இருந்தால் அந்த மழையையும் சமாளிக்கலாம்.

தோட்டங்களில் இந்த நாள் பார்க்கும் வேலை ஆபீஸில் நடக்கிறது. பசளை வந்து இறங்கிய திகதி, ஆட்கணக்கு, சுற்று முடிக்கவேண்டிய மாதம் எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுப்பார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுபவருக்கு வானம் தெரியும், ஆனால் அவரிடம் யாரும் கேட்பதில்லை. சிறுதோட்டக்காரருக்கு இந்த ஒரு விடயத்தில் வசதி அதிகம். வானிலை அறிக்கையைப் பார்த்து இரண்டு நாள் தள்ளிப்போட அவருக்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை.

வெப்பம், காற்று, செடியின் நிழல்

வெப்பம் ஏறினால் இரண்டு காரியம் நடக்கும். யூரியேசு சுறுசுறுப்பாகும், அமோனியாவும் தண்ணீரை விட்டு எளிதாகக் கிளம்பும். பீஎச் 8 உள்ள ஈரத்தில் 15 பாகையில் இருப்பதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அமோனியா 25 பாகையில் இருக்கும். நுவரெலியாவின் குளிரில் யூரியா உடைய நாள் பிடிக்கும், மழை வந்து காப்பாற்ற அவகாசம் கிடைக்கும். அதே யூரியா பதுளைப் பள்ளத்தில் அவசரமாக உடைந்துவிடும்.

காற்று வீசினால் மண்ணை ஒட்டி நிற்கும் அமோனியா அப்புறப்பட்டு, கீழிருந்து அடுத்தது கிளம்பும். நெருக்கமாகப் படர்ந்த தேயிலை இங்கே கைகொடுக்கிறது. செடிக்குக் கீழே காற்று அடங்கியிருக்கும், கிளம்பும் அமோனியாவில் ஒரு பங்கை இலைகளே உறிஞ்சிக்கொள்ளும். வெற்றிடம் விழுந்த மலையிலும், புதிதாகக் கன்று வைத்த இடத்திலும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சாம்பலும் டொலமைட்டும்

மூன்றாவது போத்தலை மறந்துவிடாதீர்கள். சாம்பல் காரம். டொலமைட் என்ற சுண்ணக்கல் தூளும் மண்ணின் அமிலத்தைக் குறைக்கவே போடப்படுகிறது. இரண்டுக்கும் அவற்றின் வேலை உண்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யூரியாவோடோ அமோனியம் சல்பேற்றோடோ கோழி எருவோடோ ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போட்டால் கிளிப்பை நாமே கழற்றிவிடுகிறோம். எருக்குவியல் நாற்றம் அடிக்கிறது என்று அடுப்புச் சாம்பலை அள்ளி அதன்மேல் கொட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நாற்றம் அதன்பிறகு கூடினால் ஆச்சரியப்படவேண்டாம். டொலமைட் போட்டால் அது மழையில் கரைந்து மண்ணோடு சேரச் சில வாரங்கள் விட்டுவிட்டு யூரியாவுக்கு வரலாம்.

கோழி எரு சாதுவானதல்ல

கந்தப்பளை, ராகலை, வெலிமடைப் பக்கம் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு செய்பவர்களுக்குக் கோழி எரு இல்லாமல் கை ஓடாது. லொறி வந்து நின்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும். அந்த வாடையில் கண்ணை உறுத்தும் பகுதி அமோனியா. மூக்கில் ஏறுவதெல்லாம் காசு கொடுத்து வாங்கிய நைதரசன்.

கோழி மூத்திரம் தனியாகப் போகாது, எச்சத்தோடு சேர்ந்து யூரிக் அமிலமாக வெளியேறும், அந்த வெள்ளைப் பகுதிதான் அது. ஈரம் பட்டால் நுண்ணுயிர்கள் அதை யூரியாவாக்கி, பிறகு அமோனியாவாக்கும். முடிவில் பாதை யூரியா மூட்டையின் பாதைதான். முன் சொன்ன ஐபிசிசி வழிகாட்டியில் எரு போன்ற சேதனப் பசளைக்குப் போட்டிருக்கும் பொது எண் 21 வீதம், யூரியாவை விட அதிகம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதித் தடை வந்து நவம்பரில் விலக்கப்படும் வரை, சேதனம் என்றால் சூழலுக்குத் தீங்கே இல்லை என்ற பேச்சு நிறைய அடிபட்டது. மண்ணின் மக்கைக் கூட்ட எருவை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் அமோனியாவுக்கு மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

எரு விடயத்தில் நேரம்தான் எல்லாம். பாத்தியில் பரப்பிவிட்டு நாலைந்து நாள் கழித்துக் கொத்திக் கலக்கினால், போகவேண்டியதில் பெரும்பங்கு அதற்குள் போயிருக்கும். பரப்பிய அன்றே மண்ணோடு புரட்டிவிடவேண்டும். ஆள் கிடைக்கவில்லையென்றால் எருவை மூட்டையிலேயே விட்டுவைப்பது மேல். குவித்து வைப்பதானால் மழை படாமல் மூடி, இடையிடையே மரத்தூள், உமி, காய்ந்த புல் போன்றவற்றைச் சேர்க்கலாம். அவற்றை உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு நைதரசன் வேண்டியிருப்பதால், கிளம்பப் பார்க்கும் அமோனியாவைப் பிடித்துத் தங்கள் உடம்பில் வைத்துக்கொள்ளும். மாட்டுத் தொழுவத்தில் மூத்திரம் தேங்கும் இடத்திலும் இதையே செய்யலாம்.

பள்ளத்தாக்கில் நெல் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வயலில் தண்ணீர் நிற்பதால் அமோனியா தப்பாது என்று நினைக்கவேண்டாம். பகலில் தண்ணீரில் உள்ள பாசி காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்வதால் நடுப்பகலில் அந்தத் தண்ணீரின் பீஎச் 9 வரை ஏறக்கூடும். நிற்கும் தண்ணீரில் யூரியாவை வீசினால் இழப்பு மேட்டு நிலத்தை விடவும் மோசமாகலாம். தண்ணீரை வடித்துவிட்டுப் போட்டு, பிறகு தண்ணீர் கட்டினால் யூரியா சேற்றுக்குள் இறங்கும்.

வேறு பசளை போட்டால்?

அமோனியம் சல்பேற்றில் நைதரசன் 21 வீதம்தான், ஆனால் அது மண்ணில் காரத்தை ஏற்றாது. அமிலத் தேயிலை மண்ணில் அதிலிருந்து அமோனியா போவது மிகக் குறைவு. முன்பு தேயிலையில் அதுதான் அதிகம் புழங்கியது. ஒரு கிலோ நைதரசனுக்கு ஆகும் செலவையும் சுமைக்கூலியையும் பார்த்தால் யூரியா மலிவு, அதனால் யூரியா வந்தது. சல்பேற்று நெடுங்காலத்தில் மண்ணை மேலும் அமிலமாக்கும், டொலமைட் செலவு கூடும். எது இலாபம் என்பது அந்தந்த மண்ணின் பீஎச்சையும் அன்றைய விலையையும் பொறுத்தது. தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 முதல் இந்த மாதிரிக் கணக்குகளைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் மலைக்கான கலவையை அவர்களுடைய பரிந்துரையில் பார்ப்பதே நல்லது.

யூரியேசைச் சில நாள் கட்டிப்போடும் என்பிபிடி என்ற மருந்து பூசிய யூரியாவும் உலகச் சந்தையில் உண்டு. ஒரு வாரம், பத்து நாள் யூரியா உடையாமல் கிடக்கும், அதற்குள் மழை வந்தால் பிழைத்தது. வேப்பெண்ணெய் பூசிய யூரியாவை இதோடு சேர்த்துக் குழப்புபவர்கள் அதிகம். இந்தியாவில் 2015 முதல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. வேப்பெண்ணெய் முக்கியமாகத் தடுப்பது அதற்கு அடுத்த கட்டத்தை, அதாவது அமோனியம் நைத்திரேற்றாக மாறுவதை. அது நிலத்துக்குள் கழுவிப் போவதைக் குறைக்கும். அமோனியா காற்றில் போவதற்கு அதை நம்பி இருக்கமுடியாது.

போனது எங்கே போகிறது?

அமோனியா வெகுதூரம் போவதில்லை. கிளம்பிய இடத்துக்கு அருகிலேயே ஒரு பங்கு இலைகளிலும் மண்ணிலும் தண்ணீரிலும் படிந்துவிடும். மீதி காற்றிலுள்ள அமிலப் புகைகளோடு சேர்ந்து நுண்துகளாகி, மழையோடு வேறெங்கோ இறங்கும். நாம் போட்ட பசளை பக்கத்துக் காட்டில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். காட்டுக்கு அது வேண்டாத விருந்து. மரப்பட்டையில் சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்திருக்கும் இலைக்கன்கள் மிகக் குறைந்த அமோனியாவுக்கே வாடிவிடும். உயர்மலைக் காடுகளில் அவை நிறைய உண்டு, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நைதரசன் வீணாவதை 2030க்குள் பாதியாகக் குறைப்பது என்ற இலக்கோடு 2019 ஒக்டோபரில் நாடுகள் கூடி ஏற்ற அறிவிப்புக்குக் கொழும்புப் பிரகடனம் என்றே பெயர், கூடியது கொழும்பில்.

போட்டாயிற்று, மழை வரவில்லை. இனி?

அடிக்கடி வரும் கேள்வி. மரக்கறிப் பாத்தி என்றால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், முடிந்தால் மேலாகக் கொத்திவிடுங்கள். முதல் நாளை விட இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் போக்கு அதிகம், ஆகவே ஒரு நாள் பிந்தினாலும் பலன் உண்டு. தேயிலையில் செய்ய அதிகம் இல்லை. மண் நன்றாகக் காய்ந்து கிடந்து, பனியும் விழவில்லையென்றால் குருணை பெரும்பாலும் அப்படியே இருக்கும். குனிந்து பார்த்தாலே தெரியும், வெள்ளையாகக் கிடக்கிறதா என்று. கிடந்தால் அடுத்த மழைக்குக் காத்திருக்கலாம்.

பத்து நாளைக்கு மேல் பனியும் வெயிலுமாகப் போய்க் குருணையையும் காணவில்லையென்றால் போனது போனதுதான். அமோனியா கிளம்பும்போது ஐதரசன் அயனை மண்ணிலேயே விட்டுவிட்டுப் போவதால் அந்த இடத்தின் காரம் தணிந்து, இழப்பும் அதற்குள் தானாகவே அடங்கியிருக்கும். மண்ணில் மிஞ்சியது எவ்வளவு என்று கண்ணால் சொல்லமுடியாது. ஈடுகட்டுகிறேன் என்று அதே வாரத்தில் இன்னொரு மூட்டையை அவிழ்க்காதீர்கள். அந்த மூட்டையும் அதே வானத்தின் கீழேதான் விழப்போகிறது. அடுத்த சுற்றுக்குரியதை இரண்டாகப் பிரித்து, மீன் டின்னில் தண்ணீர் நிற்கும் வாரமாகப் பார்த்துப் போடுங்கள்.